எடுத்துவிடுவதும் எடுத்துப் பார்ப்பதும்

அம்மாவின் கட்டில் காலடியில் தொங்கிய குறிப்பேட்டில் மூன்று நாள்களாக ஒரே குறிப்பு இருந்தது: ‘ஈ4 விடி எம்5’. கிளாஸ்கோ அளவுகோல் என்பார்கள். 1974இல் டீஸ்டேல், ஜெனட் என்னும் இரு மருத்துவர்கள் வகுத்தது. கண் திறப்பதற்கு நான்கு மதிப்பெண், பேச்சுக்கு ஐந்து, அசைவுக்கு ஆறு. தொண்டையில் குழாய் இருந்தால் பேச்சுக்கு எண் இல்லை. ‘டி’ என்ற எழுத்து மட்டும். அம்மா தானாகக் கண்ணைத் திறந்துகொண்டிருந்தார், அதற்கு நான்கு. வலிக்கும்படி அழுத்தினால் மற்றொரு கையைக் கொண்டுவந்து தட்டிவிட்டார், அதற்கு ஐந்து. ஆறாவது மதிப்பெண், சொன்னதைச் செய்தால் கிடைப்பது.

சொன்னது இந்தியில். அம்மா கடலூரைத் தாண்டி வாழ்ந்தவர் அல்லர்.

அது 2022 டிசம்பர். தில்லியில் நான் என்னதான் படிக்கிறேன் என்று பார்த்துவிட்டுப் போக வந்தவர், இரண்டாம் வாரத்திலேயே நிமோனியாவில் விழுந்தார். பதினோரு நாள் வென்டிலேட்டரில் இருந்தார். இன்று கடலூரில் நலமாக இருக்கிறார். இதை எழுத அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை. அம்மாவைக் காப்பாற்றியவர்களும் அவர்களே என்பதால் மட்டும் அல்ல. நான் சொல்ல வருவது ஒரு மருத்துவமனையின் குறை அன்று.

சொல்ல வருவது இதுதான்: வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியை அதிலிருந்து மீட்கும் வேலையில் மொழி ஒரு சிகிச்சைக் கருவி. அதை நம் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் கருவியாக எண்ணுவதில்லை. நீண்ட பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இதில் மொழி எங்கே நுழைகிறது என்பதைச் சொல்ல வேண்டும். வென்டிலேட்டர் நுரையீரலைக் குணப்படுத்துவதில்லை. மருந்து வேலை செய்யும்வரை மூச்சு என்னும் உழைப்பை நோயாளியிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்கிறது. வாங்கி வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலை உண்டு. மூச்சின் முதன்மைத் தசையாகிய உதரவிதானம், உழைக்காவிட்டால் வெகு வேகமாக இளைக்கிறது. மூளைச்சாவு அடைந்து, 18 முதல் 69 மணிநேரம்வரை வென்டிலேட்டரில் இருந்த உறுப்புக் கொடையாளர்களின் உதரவிதானத்தை 2008இல் ஓர் ஆய்வுக் குழு பரிசோதித்தது. தசைநார்களின் குறுக்குப் பரப்பு பாதிக்கும் கீழே போயிருந்தது. மூன்று நாளுக்குள் நிகழ்ந்த இளைப்பு அது. நுரையீரல் தொற்று, படுக்கைப் புண், மனக்குழப்பம் இவையெல்லாம் வேறு கணக்கு. ஆகவே கருவியில் போட்ட நாளிலிருந்தே, எப்போது வெளியே கொண்டுவரலாம் என்று ஒவ்வொரு காலையும் கேட்டாக வேண்டும்.

ஒரு காலத்தில் இதை மெல்ல மெல்லச் செய்தார்கள். கருவியின் உதவியை நாளுக்குக் கொஞ்சமாகக் குறைத்தார்கள். 1995இல் ஸ்பெயினைச் சேர்ந்த எஸ்தேபனும் அவர் குழுவினரும் நான்கு முறைகளை ஒப்பிட்டு, நாளுக்கு ஒருமுறை நோயாளியைத் தானாக மூச்சு விடச் செய்து சோதிப்பதே விரைவான வழி என்று காட்டினார்கள். அந்தச் சோதனைக்கு இரண்டு மணிநேரம் வேண்டியதில்லை, அரை மணிநேரமே போதும் என்பது அதே குழுவின் 1999ஆம் ஆண்டு ஆய்வு. இதனுடன் இன்னொரு கண்டுபிடிப்பும் சேர்ந்தது. தினமும் ஒருமுறை மயக்க மருந்தை நிறுத்தி நோயாளியை விழிக்கவிட்டால், வென்டிலேட்டர் நாள்களின் இடைநிலை அளவு 7.3இலிருந்து 4.9ஆகக் குறைந்தது, 2000இல் 128 நோயாளிகளிடம் செய்த ஆய்வு இது. விழிக்கவிடுவதையும் மூச்சுச் சோதனையையும் ஒரே காலையில் இணைத்துச் செய்தால் ஓராண்டுக்குப் பின் உயிரோடிருப்போர் எண்ணிக்கையும் கூடுகிறது என்று 336 பேரிடம் நடந்த 2008ஆம் ஆண்டு ஆய்வு சொல்லிற்று.

விழிக்க வைக்கிறார்கள். விழித்தாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பேசித்தான்.

குழாயை எடுக்கும் முன் நோயாளியிடம் நான்கு சிறு செயல்களைக் கேட்பதுண்டு. கண்ணைத் திற, கண்ணால் என்னைப் பின்தொடர், கையைப் பிடி, நாக்கை நீட்டு. இந்த நான்கையும் செய்ய முடியாதவர்களுக்குக் குழாயை எடுத்தால், அது தோற்றுப்போகும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் என்று 2004இல் ஓர் ஆய்வு வந்தது. நல்ல ஆய்வு. ஆனால் மொழியியல் படிப்பவரின் கண்ணுக்கு இந்த நான்கும் நான்கு ஏவல் வாக்கியங்கள். ஏவலைக் கேட்பவர் அந்த மொழியை அறிந்திருக்க வேண்டும் என்பது சோதனையின் எழுதப்படாத ஐந்தாவது நிபந்தனை.

அம்மா படுத்திருந்த இடத்தில் காலை எட்டு மணிக்கு மயக்க மருந்தை நிறுத்துவார்கள். ‘ஆங்க் கோலியே. ஹாத் தபாயியே. ஜீப் திகாயியே.’ குரலில் கனிவு இருந்திருக்கும், ஐயமில்லை. அம்மா கண்ணை உருட்டிப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். ‘குழப்பம், படபடப்பு, கட்டளைக்கு இணங்கவில்லை’ என்று குறித்துவிட்டு மறுபடி மருந்தை ஏற்றினார்கள். உறவினர் பார்க்கும் நேரம் மாலை ஐந்து மணி. ஒருவர், பத்து நிமிடம். விழித்திருந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்த முகம் அருகில் இல்லை. தெரிந்த முகம் வந்த நேரத்தில் அவர் விழித்திருக்கவில்லை. ஐந்தாம் நாள், ஆறாம் நாள், ஏழாம் நாள் இப்படிப் போயிற்று.

ஏழாம் நாள் இரவுப் பணிக்கு வந்தவர் ஒரு மலையாளச் செவிலியர். தில்லி மருத்துவமனைகளை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. அவர் இந்தியை விட்டுவிட்டு, தம் வீட்டில் பேசுவதுபோல், ‘அம்மே, நாக்கு நீட்டூ’ என்றார். நாக்கு நீண்டது. ‘கண்ணு துறக்கூ’ என்றார், ‘கை முறுகெப் பிடிக்கூ’ என்றார். கண் திறந்தது, கை இறுகியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தனித்தனியே வளர்ந்த இரண்டு மொழிகள் அந்த மூன்று ஏவல்களில் கைகோத்துக்கொண்டன. காலையில் அவர் வாசலுக்கு வந்து என்னிடம், ‘அம்மைக்கு எல்லாம் மனசிலாவுந்நுண்டு’ என்றார். நான் சேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வகுப்பில் ஒலியொப்பு அட்டவணைகளாகப் போட்டுக் காட்டும் செய்திதான். அன்று காலை அதைப் பார்த்த விதம் வேறு.

எட்டாம் நாள் காலை விதியைத் தளர்த்தி என்னை உள்ளே விட்டார்கள். குறிப்பேட்டில் ‘எம்6’ ஏறியது.

மூன்று நாள்களும் மொழியால்தான் போயின என்று நான் வாதிடவில்லை. நுரையீரல் முழுதாகத் தெளிந்திருக்கவில்லை. எட்டாம் நாள் நடந்த முதல் மூச்சுச் சோதனையில் இருபது நிமிடத்திலேயே அம்மா களைத்தார். நிமிடத்துக்கு நாற்பது மூச்சு ஓடிற்று. கருவியை மறுபடி இணைத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு நாள் ஓய்வும் மருந்தும் தேவைப்பட்டன. என் வாதம் சிறியது: ‘இவர் விழித்துவிட்டாரா?’ என்ற கேள்விக்கு மூன்று நாள் தவறான விடை எழுதப்பட்டது. அந்த விடையின்பேரில் தேவையற்ற மயக்க மருந்து ஒரு தளர்ந்த உடலுக்குள் போயிற்று. ஒரு கருவி மூன்று நாள் தவறான அளவு காட்டினால் அதைப் பழுது பார்க்க ஆளை அழைக்கிறோம்.

பிற்பாடு அம்மா சொன்னார்: “தினம் காலையில ஒருத்தர் வந்து ஜீப், ஜீப்னு சொல்றாரு. என்னை ஜீப்புல ஏத்தி எங்கியோ கொண்டுபோகப் போறாங்கன்னு பயந்துட்டேன். அதான் கையை உதறினேன்.” இந்தியில் நாக்குக்கு ‘ஜீப்’. அவர் படபடப்பு மூளையின் கோளாறாகக் குறிக்கப்பட்டது. உண்மையில் அது கேட்ட சொல்லுக்குத் தன் மொழியில் பொருள் கண்ட ஒரு பெண்ணின் நியாயமான அச்சம்.

மனக்குழப்பத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் ஒரு சோதனையையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. பத்து ஆங்கில எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே வருவார்கள். ‘ஏ’ வரும்போதெல்லாம் கையை அழுத்த வேண்டும். பின்பு ஆம், இல்லை என்று தலையசைக்கும்படி சில கேள்விகள். அவற்றுள் ஒன்று: கல் நீரில் மிதக்குமா? திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலுக்கு வாரந்தோறும் போகும் அம்மாவிடம், அப்பர் கல்லையே தெப்பமாகக்கொண்டு கரையேறினார் என்று சொல்லும் ஊர்க்காரரிடம், இந்தக் கேள்வியைக் கேட்டால் அவர் ‘ஆம்’ என்றே தலையசைப்பார். இதை நான் வேடிக்கையாகத்தான் சொல்கிறேன். ஆனால் இந்தச் சோதனை பல மொழிகளில் பெயர்க்கப்பட்டிருக்கிறது; பெயர்த்தவர்கள் சொல்லை மட்டும் பெயர்த்தால் போதாது என்பதில் வேடிக்கை இல்லை.

இனி, நோயாளியைச் சுற்றி நிற்பவர்களின் மொழி. எனக்கு இதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஒன்பதாம் நாள் மாலை நான் மருந்துக் கடையில் வரிசையில் நின்றிருந்தபோது மருத்துவர் அப்பாவிடம், ‘கல் வென்டிலேட்டர் ஹடாகே தேக்கேங்கே’ என்று சொல்லியிருக்கிறார். நாளை மீண்டும் ஒரு சோதனை செய்யலாம் என்பது செய்தி. அப்பாவுக்குத் தெரிந்த இந்தி, ரயில் நிலையத்தில் காப்பி வாங்கும் அளவு. முதல் சோதனை தோற்றது மட்டும் அவருக்குத் தெரியும். ‘ஹடா’ என்பதைப் பிடித்துக்கொண்டார். சித்தப்பாவுக்குப் போன் செய்து, “நாளைக்குக் காலையில எடுத்துடுவாங்களாம்” என்றார்.

கால் மணிநேரத்தில் கடலூரில் அழுகை. இரண்டு அத்தைகள் சென்னை விமானநிலையத்துக்குக் கார் பிடித்துவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது அப்பா மருத்துவரின் அறை வாசலில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார், எடுக்காதீர்கள் என்று. நல்ல செய்தி சொன்னதற்கு ஏன் அழுகிறார்கள் என்று மருத்துவருக்குப் புரியவில்லை.

அப்பா மேல் பிழையில்லை. ‘வென்டிலேட்டரை எடுத்துவிட்டார்கள்’ என்ற தமிழ் வாக்கியம் இரண்டு நேர்மாறான நிகழ்வுகளுக்கும் ஒன்றே. தேறியவரிடமிருந்தும் எடுக்கிறார்கள், தேறமாட்டார் என்று முடிவானவரிடமிருந்தும் எடுக்கிறார்கள். 2016இல் ஜெயலலிதாவின் மருத்துவ அறிக்கைகளையும் 2020இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் அறிக்கைகளையும் நாள்தோறும் படித்துப் பழகிய ஒரு சமூகத்தின் காதில் அந்த வாக்கியம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்வதற்கு உச்ச நீதிமன்றம் 2018இல் வழி திறந்து, 2023இல் அந்த நடைமுறையை எளிதாக்கியிருக்கிறது. எனவே இரண்டு உரையாடல்களும் இனி ஒரே வராந்தாவில்தான் நடக்கும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் அது ஆபத்து.

மருத்துவரின் இந்தி வாக்கியம் சரியாகவே இருந்தது. ‘ஹடாகே தேக்கேங்கே’ என்பது ‘எடுத்துப் பார்ப்போம்’. சாப்பிட்டுப் பார், கேட்டுப் பார் என்று நாம் சொல்லும்போது அந்தப் ‘பார்’ கண்ணால் பார்ப்பதைக் குறிப்பதில்லை, முயற்சியைக் குறிக்கிறது. இந்தியிலும் அதே அமைப்பு உண்டு. தமிழின் ‘விடு’ துணைவினை இதற்கு எதிர்த்திசை: செயல் முடிந்தது, இனித் திரும்புதல் இல்லை. மருத்துவர் சொன்னது ‘பார்’. அப்பா ஊருக்குச் சொன்னது ‘விடு’. ஒரு துணைவினை மாறியதில் ஒரு குடும்பம் துக்க வீடாயிற்று.

அதுவும், அந்தச் சோதனையில் குழாயை எடுப்பதே இல்லை. குழாய் தொண்டையிலேயே இருக்கும். கருவி தரும் உதவியை மட்டும் நிறுத்துவார்கள் அல்லது மிகவும் குறைப்பார்கள். அரை மணிநேரம் தாங்கினால் பிறகுதான் குழாயைப் பற்றிய பேச்சு. ஆகவே ‘எடுத்துப் பார்ப்போம்’ என்பதுகூட முழு உண்மை அன்று. ‘தானா மூச்சு விட்டுப் பாக்கச் சொல்லப்போறோம். குழாய் அப்படியேதான் இருக்கும். முடியலன்னா உடனே மெஷினைத் திரும்ப மாட்டிடுவோம்.’ இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொல்லப் பத்து விநாடி.

ஆங்கிலத்தில் இந்த வேலை முழுவதற்கும் ‘வீனிங்’ என்று பெயர்; குழந்தைக்குத் தாய்ப்பாலை மறக்கடிப்பது. பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும்கூட அதே பால்மறப்புச் சொல்தான். கருவியைத் தாயாகவும் நோயாளியைப் பிடிவாதக் குழந்தையாகவும் ஆக்கும் உருவகம் அது. நம் ஊரில் வேப்பிலையை அரைத்துத் தடவிப் பால்மறக்கடிப்பார்கள் என்பதை நினைத்தால் உருவகம் இன்னும் கசக்கிறது. ஹால், வுட் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1987இலேயே ‘விடுவிப்பு’ என்ற சொல்லுக்கு மாறச் சொன்னார்கள். 2017இல் வந்த அமெரிக்க வழிகாட்டு நெறிகளின் தலைப்பிலும் அந்தச் சொல்லே இருக்கிறது. தமிழில் ‘விடுவிப்பு’ என்றால் அப்பா மறுபடி அழுவார். நம் மொழியில் மூச்சோடு ‘விடு’வைச் சேர்க்கும்போது கவனம் வேண்டும், மூச்சு விட்டார் என்றால் ஒன்று, மூச்சை விட்டுவிட்டார் என்றால் வேறொன்று. கலைச்சொல் ஆக்குவோர் ஆக்கட்டும். படுக்கையருகில் வேண்டியது கலைச்சொல் அன்று, வாக்கியம்.

அதுவும் பேச்சுத் தமிழ் வாக்கியம். ‘தங்கள் விழிகளைத் திறக்கவும்’ என்று அச்சிட்ட அட்டை ஒன்றை ஒரு மருத்துவமனையில் பார்த்தேன். மயக்கம் பாதி தெளிந்தவரின் காதில் அது பேருந்து நிலைய அறிவிப்பாகத்தான் விழும். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இரண்டு தனி நிலைகள் என்பதை முதலாண்டு மாணவரும் அறிவார்; கண் திறக்கச் சொல்லும் குரல் வீட்டுக் குரலாக இருக்க வேண்டும்.

நோயாளி திருப்பிச் சொல்வதற்கும் வழி வேண்டும். குரல்நாண்களுக்கு நடுவே குழாய் போவதால் பேச்சு எழாது. குரல் போய்விட்டது என்றே பலர் எண்ணிவிடுகிறார்கள். அது தற்காலிகம் என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் எழுத்துப் பலகை வைத்து, எழுத்து எழுத்தாகச் சுட்டிக்காட்டச் சொல்வார்கள். தமிழில் 247 எழுத்துகளையும் ஒரு பலகையில் அடைத்தால் நோயாளி மீண்டும் மயங்குவார். உயிரும் மெய்யும் ஆய்தமும் மட்டும் 31 என்று வைத்துக்கொண்டு, சேர்த்துப் படிக்கும் வேலையை எதிரில் இருப்பவர் ஏற்கலாம். எட்டாம் நாள் அம்மா என் உள்ளங்கையில் விரலால் ‘த’ என்று எழுதினார். தண்ணீர். முந்தைய நாள்களிலும் கட்டில் விரிப்பில் அதையே எழுதிப் பார்த்தாராம். அருகில் இருந்த எவருக்கும் அது எழுத்தாகத் தெரிந்திருக்காது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. இரண்டு மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், நொடிக்கு நொடி அலறும் கருவிகள்; இதில் இருபத்திரண்டு அட்டவணை மொழிகளையும் அவர் எங்கே கற்பார்? கற்க வேண்டாம். மொழி தெரிந்தவர் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்கிறார். மயக்க மருந்தை நிறுத்தும் அரை மணிநேரத்துக்கு அவரை உள்ளே அழைத்தால் போதும். தொற்று பரவும் என்பார்கள்; மாலை ஐந்து மணிக்கு வராத தொற்றா காலை எட்டு மணிக்கு வந்துவிடும்? காற்றை நுரையீரலுக்குள் தள்ளும் வெகுநாள் செயற்கைச் சுவாசம் பெருமளவில் முதன்முதலாக நடந்தது 1952இல், கோபன்ஹேகனின் இளம்பிள்ளைவாதக் கொள்ளைநோயின்போது. இப்சென் என்ற மயக்கவியல் மருத்துவரின் யோசனைப்படி, சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்துப் படுக்கையருகே உட்கார்ந்து, காற்றுப் பையைக் கையால் அழுத்தினார்கள். அந்த அறையில் ஒவ்வொரு நோயாளிக்கும் அவர் மொழி பேசும் ஒரு மனிதர் பக்கத்திலேயே இருந்தார். அப்போது ஆள்தான் கருவி. பிறகு மின்கருவி வந்தது, ஆள் வாசலுக்கு வெளியே போனார்.

இந்தியில் பேசிய தில்லி மருத்துவமனையைக் குறைகூறுவதாக இதைப் பகிர நினைப்பவர்களுக்கு ஒன்று: வேலூருக்குச் சென்று பாருங்கள். வங்காளத்திலிருந்து வந்த நோயாளிகள் தெருவெங்கும். சென்னையின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கட்டடவேலைக்கு வந்தவர்கள் கிடக்கிறார்கள். பலருக்கு வாசல் நாற்காலியில் ஆளும் இல்லை. ‘நாக்கை நீட்டுப்பா’ என்ற நம் கனிவான குரல் அவர்களின் காதில் என்னவாக விழுகிறதோ.

பத்தாம் நாள் காலை அம்மா அரை மணிநேரம் தாங்கினார். பதினோராம் நாள் குழாய் வந்தது. முதல் சொல் கரகரத்து வந்தது: “சாப்டியா?”

அன்று நான் ஒரு தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிய வாக்கியங்களைக் கீழே தருகிறேன். யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில இருக்கீங்க, தொண்டையில குழாய் இருக்கறதால பேச்சு வராது, குரல் போயிடல. கண்ணைத் திறங்க. என் கையை இறுக்கிப் பிடிங்க, இப்ப விடுங்க. நாக்கை நீட்டுங்க. இருமுங்க. இப்ப நீங்களே மூச்சு விட்டுப் பாக்கப் போறீங்க, நான் பக்கத்துலயே இருக்கேன். ஒடியா, வங்காளம், மைதிலி, போஜ்புரி, சந்தாலி பேசும் நண்பர்கள் இதையே தங்கள் வீட்டுப் பேச்சில், அச்சுமொழியில் அல்ல, குரலில் பதிந்து அனுப்புங்கள். கீழே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்து, சென்னையில் செவிலியர்களாக இருக்கும் நண்பர்களிடம் சேர்ப்பிக்கிறேன். மூன்று மொழிகள் வந்துவிட்டன. சந்தாலிக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.